ஒத்தையா இரட்டையா

சின்ன மகள் பேசுகிறாள் இல்லை என்று நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சலக்கடுப்பு என்றுதான் போனேன்.

2022 ஆம் ஆண்டு, பெற்றோல் வரிசைக் காலம். ஓட்டோக்காரர் எல்லாரும் ஷெட் வாசலில் கிடந்தார்கள். மூன்று நாளாகக் காய்ச்சல் விடாத பிள்ளையை முன்பாரில் இருத்தி, என்னைப் பின்னால் ஏற்றி, திராய்மடுவிலிருந்து மட்டக்களப்பு டவுன் வரைக்கும் இவர் சைக்கிள் மிதித்தார். சலம் சோதித்த டொக்டர், கிருமி இருக்கிறது, மருந்து தருகிறேன் என்றார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறாவா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுக்கும்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. தண்ணிப்போத்தல் ஒவ்வொரு நாளும் கொண்டுபோன மாதிரியே திரும்பி வரும். வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணி குடித்தால் சலம் வரும், சலம் வந்தால் மிஸ்ஸிடம் கேட்க வேண்டும், கேட்பதென்றால் வாய் திறக்க வேண்டும். ஆறு வயது நிரம்பாத பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டு, குடிக்காமலே இருந்திருக்கிறாள்.

டொக்டர் அவளிடம் பெயர் கேட்டார். அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் சொன்னேன். வயது கேட்டார். நான் சொன்னேன். என்ன நிறம் விருப்பம் என்று கேட்டார். அதையும் நான்தான் சொன்னேன்.

"வீட்டிலயும் இப்படித்தானாம்மா?"

"இல்ல டொக்டர். வீட்டில இவட வாய மூடேலா."

அவர் இரண்டு துண்டு எழுதித் தந்தார். ஒன்று காது சோதிக்க. மற்றது மனநலப் பிரிவுக்கு. இரண்டாவது துண்டை நான் நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தேன். ஐந்து கிழமை அது அங்கேயே கிடந்தது.

அதுவரைக்கும் அவளுடைய பேசாமைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம். நேசரி வயதில் கொரோனா. 2020 உம் 2021 உம் வீட்டுக்குள்ளேயே போய்விட்டன. ஆட்களைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை, போகப் போகச் சரியாகும் என்றேன் நான். அடக்கமான பிள்ளை என்றார்கள் அக்கம்பக்கத்தார். "கண்ணூறுகா. ஒருக்கா வாய் பாத்துப் போடுவம்" என்றா அம்மா. வாய் பார்த்தோம், நூல் கட்டினோம், நாக்கில் வசம்பு தேய்த்தோம். அம்மா கண்ணகி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தா. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் பிடிவாதம்.

அந்தப் பெயர்தான் ஆபத்தானது. பிடிவாதம் என்று நினைத்துவிட்டால் அடுத்ததாக அதை முறிக்கத்தான் தோன்றும். முதலாம் தவணையில் ஒருநாள் பிள்ளை இருக்கையில் நெளிந்ததைக் கண்ட மிஸ், பாத்ரூமுக்கா என்று கேட்டிருக்கிறா. இவள் தலையாட்டியிருக்கிறாள். "வாயத் திறந்து கேட்டாத்தான் விடுவன்" என்று கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறா. நின்றாள். நின்ற இடத்திலேயே போய்விட்டது. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வேறு யாரோ பிள்ளையின் பாவாடையுடன் வீட்டுக்கு வந்தாள்.

எனக்கு வந்த கோபம் மிஸ்ஸின் மேல் இல்லை. பிள்ளையின் மேல். "ஒரு வார்த்த சொன்னா உனக்கு என்ன?" என்று துடையில் கிள்ளினேன். அந்தக் கிள்ளலை எழுதாமல் விட்டால் நான் எழுதுகிற மற்ற எதுவும் உண்மையாக இருக்காது. அவள் வலிக்குது என்று அழவில்லை. "எனக்கு வருதில்லம்மா" என்று அழுதாள். வருதில்லை என்றுதான் பிள்ளை சொன்னது. சொல்லமாட்டேன் என்று அல்ல. எனக்கு அந்த வித்தியாசம் விளங்க இன்னும் இரண்டு மாதம் தேவைப்பட்டது.

காதில் ஒரு குறையும் இல்லை. மனநலப் பிரிவுக்குப் போக முன், எங்கள் பகுதி மிட்வைஃப் அக்கா ஒரு நல்ல யோசனை சொன்னா: பிள்ளை வீட்டில் கதைக்கிறதை ஃபோனில் எடுத்துக்கொண்டு போ. மீன் கழுவும்போது பூனைக்கு அவள் வகுப்பு நடத்திக்கொண்டிருந்ததை ஒளித்து நின்று நாலு நிமிடம் எடுத்தேன். அந்த நாலு நிமிடம் எங்களுக்குப் பல மாதத்தை மிச்சப்படுத்தியது என்று நம்புகிறேன். பேச்சு வளர்ச்சியில் குறைவா, உச்சரிப்பில் சிக்கலா, மற்றவரோடு பழகுவதில் வேறு பிரச்சினையா என்பதெல்லாம் அங்கே பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் அங்கே அவள் கல்லாக இருப்பாள். வீடியோவில் தெரியும்.

மனநலப் பிரிவில் இருந்த மிஸ் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குப் புதினமாக இருந்தது. அதுவரை அவளைப் பார்த்த எல்லாரும் முதலில் பெயரைத்தான் கேட்டார்கள். இந்த மிஸ் பாயை விரித்து, அதில் கொஞ்சம் மரக்கட்டையைக் கொட்டி, தானும் ஒரு பக்கத்தில் இருந்து அடுக்கத் தொடங்கினா. வீடியோவைப் பார்த்த பெரிய டொக்டரும் மிஸ்ஸும் சேர்ந்து சொன்ன பெயர் செலெக்டிவ் மியூட்டிசம். வீட்டில் தாராளமாகப் பேசும் பிள்ளை, குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட ஆட்கள் முன்னால் பேச முடியாமல் போவது. பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்தப் பிள்ளையும் அப்போது கூச்சப்படும். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் காட்ட வேண்டும்.

"பயத்தில கால் விறைச்சு ஓட ஏலாமப் போறல்லையா? அப்படி இவட தொண்டை விறைக்குது. இது பிடிவாதமில்ல, பயம்" என்றா மிஸ். பிறகு நான் இதைப் பற்றி வாசித்தேன். 1877 இல் ஜேர்மன் வைத்தியர் அடொல்ஃப் குஸ்மவுல் இதை விவரித்தபோது, வேண்டுமென்றே பேசாமல் இருப்பது என்று பொருள்படத்தான் பெயர் வைத்தாராம். 1994 வரைக்கும் வைத்தியப் புத்தகங்களில் இருந்த பெயரும் பிள்ளை தானாகத் தெரிந்தெடுத்த மௌனம் என்ற மாதிரித்தான் ஒலித்தது. அந்த ஆண்டில்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூலில் பெயரை மாற்றினார்கள். 2013 இல் பதற்ற நோய்களின் பட்டியலுக்குள் சேர்த்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் படித்தவர்களே பிடிவாதம் என்று நினைத்த ஒன்றை எங்கள் பள்ளிக்கூடத்து மிஸ்ஸும் அப்படி நினைத்ததில் எனக்குப் பின்னாளில் வந்திருந்த கோபம் அதை வாசித்த அன்று பாதியாகக் குறைந்தது.

இரண்டாம் முறை போய் வந்த அன்று அம்மா கேட்டா: "விளையாடவாகா இவ்வளவு தூரம் கூட்டிப்போறாய்? விளையாட்டுக்கு மருந்துத் துண்டும் தாறாங்களா?" எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. காரணம் உண்டு. எனக்குப் பதினொரு வயதில், சண்டைக் காலத்தில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி டவுனில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் 1996 இல் தொடங்கிய இடம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருப்போம். களிமண் தருவார்கள், சாயம் தருவார்கள், கதை சொல்வார்கள். என்ன நடந்தது, யாரை இழந்தாய் என்று ஒருவரும் தோண்டிக் கேட்டதில்லை. நான் ஆமை ஒன்று செய்தேன். ஓட்டுக்குள் தலை இல்லாத ஆமை. பக்கத்தில் இருந்த அண்ணா, தலை எங்கே என்று கேட்கவில்லை. "ஓடு நல்லாக் கனமா இரிக்கி" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நானே தலையை உருட்டி வைத்தேன். விளையாட்டு என்பது பிள்ளையின் பேச்சு என்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் என் பிள்ளை என்று வந்தபோது அதை மறந்துபோய்க் கிள்ளினேன்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இது எங்கள் பிள்ளைக்கு எங்கள் மிஸ் வகுத்த வழி. உங்கள் பிள்ளைக்கு வேறு மாதிரி வேண்டியிருக்கலாம். மருந்தும் தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை டொக்டர்தான் தீர்மானிப்பார்.

முதல் வேலை பேச்சு அல்ல, பாத்ரூம். ஒரு மட்டைத்துண்டில் வாளி படம் கீறி, அவள் பென்சில் பெட்டிக்குள் வைத்தோம். அதை மேசையில் எடுத்து வைத்தால் போகலாம், கேள்வியில்லை. மிஸ் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதித் தந்தா, நான் கொண்டுபோய் வகுப்பு மிஸ்ஸிடம் கொடுத்தேன். இப்படி வசதி செய்து கொடுத்தால் பிள்ளை பேசவே மாட்டாள் என்று அதிபருக்கு யோசனை. எனக்கும் உள்ளுக்குள் அதே யோசனைதான். ஆனால் அட்டை வந்த அடுத்த கிழமையிலிருந்து போத்தல் பாதியாக வரத் தொடங்கியது. நாள் முழுக்கச் சலத்தை அடக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு வேறு எதிலும் மனம் போகாது என்பது இப்போது எனக்குச் சாதாரணமாகத் தெரிகிறது.

இரண்டாவது வேலை எங்களுக்கு. எங்கள் வீட்டில் சின்னவளுக்காகப் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், அம்மா, மூத்தவன். மூத்தவனுக்கு அப்போது பதினொரு வயது. அவள் கண்ணைப் பார்த்தே, "தங்கச்சிக்குத் தண்ணியாம்", "தங்கச்சிக்கு அது வேணாமாம்" என்று சொல்லிவிடுவான். பாசம்தான். கடையிலும் கோயிலிலும் அவன்தான் அவளுடைய வாய். நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே அடுத்த தடவையும் வாயை மூட வைக்கிறது என்று மிஸ் விளக்கினா. யாராவது அவளிடம் ஒன்று கேட்டால் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். எண்ணி முடியும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஐந்து எண்ணுவது லேசு என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த சித்தி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அடிப்புத்தான் அவளுக்கு ஒவ்வொரு நாளும் என்று அப்போது விளங்கியது.

ஐந்துக்குப் பிறகும் பதில் வராவிட்டால், கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ஓம் இல்லை என்று பதில் வரும் கேள்வி கூடாது, அதற்குத் தலையாட்டினால் போதும். "என்ன வேணும்?" என்பது பெரிய கேள்வி. நடுவில் ஒன்று உண்டு: "பாணா, இடியப்பமா?" இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டிய கேள்வி. மிஸ் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கே வந்து, "அது நம்மட ஒத்தையா இரட்டையா மாதிரித்தானே" என்றா. கைக்குள் புளியங்கொட்டையைப் பொத்திக்கொண்டு, ஒத்தையா இரட்டையா என்று கேட்கிற விளையாட்டு. மிஸ்ஸுக்கு முகம் மலர்ந்துபோனது. அடுத்த முறையிலிருந்து மரக்கட்டை போய்ப் புளியங்கொட்டை வந்தது. விளையாட்டு மருந்தா என்று கேட்ட என் அம்மாதான் எங்களுக்கு மருந்தைக் கண்டுபிடித்துத் தந்தா.

நேர்த்தியைப் பற்றியும் அம்மா பயந்து பயந்து கேட்டா. மிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நேர்த்தி வையுங்கம்மா. ஆனா புள்ளைக்கு முன்னால, இவள் பேசோணும் எண்டு சொல்லி வைக்காதீங்க" என்றா. சுவிஸிலிருந்து என் தம்பி, "மாமா எண்டு ஒருக்காச் சொல்லு, சைக்கிள் எடுத்துத் தாறன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோலில் கேட்பான். அதையும் நிற்பாட்டினோம். சைக்கிள் கிடைக்காமல் போனது அவளுக்கு இன்னொரு தோல்வியாகத்தான் சேர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பதிலாக ஃபோனை அவள் கையில் கொடுத்து, நாங்கள் எல்லாரும் முற்றத்துக்குப் போய்விட, வட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து அனுப்பப் பழக்கினோம். முதல் பதிவில் மூச்சு மட்டும்தான் இருந்தது. மூன்றாவதில், "மாமா, பூனை குட்டி போட்டிச்சு" என்று வந்தது. தம்பி அதைக் கேட்டுவிட்டு, பேசிட்டாள் என்று கூத்தாடாமல், "எத்தினை குட்டி? கறுப்பா, வெள்ளையா?" என்று திருப்பிக் கேட்டான். அப்படிக் கேட்கச் சொல்லி அவனுக்கு அரை மணித்தியாலம் நான் பாடம் நடத்தியிருந்தேன்.

பேசிவிட்டாள் என்று ஆரவாரம் செய்யக் கூடாது என்பது எங்கள் சனத்துக்கு மிகவும் கடினம். நாங்கள் கைதட்டுகிற ஆட்கள். ஆனால் எல்லார் கண்ணும் தன் வாயைப் பார்க்கிறது என்பதுதானே அந்தப் பிள்ளையின் பயம். கைதட்டினால் அந்தப் பயம் உண்மையாகிவிடும்.

வகுப்பு மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதத்தை வாசித்துவிட்டு அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஆரும் இதச் சொல்லித் தரல்லம்மா" என்றா. கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்த அதே மிஸ்தான். இரண்டு மாதம், கிழமையில் மூன்று நாள், ஏழு மணிக்கே பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தா. அதற்குச் சம்பளம் இல்லை, யாரும் கட்டளையிடவும் இல்லை.

நடந்தது இதுதான். ஏழு மணிக்கு வகுப்பறையில் நானும் மகளும் மட்டும். தரையில் இருந்து ஒத்தையா இரட்டையா விளையாடுவோம். கதவு சாத்தியிருக்கும். முதல் இரண்டு நாள் அவள் கண்ணாலேயே விளையாடினாள். மூன்றாம் நாள் என் காதுக்குள் "இரட்டை" என்றாள். அந்தக் கட்டிடத்துக்குள் அவள் பேசிய முதல் சொல் அது. அது குரலாக வந்த பிறகுதான் அடுத்த படி: மிஸ் கதவுக்கு வெளியே வராந்தாவில் நடப்பா, உள்ளே பார்க்க மாட்டா. பிறகு கதவு கொஞ்சம் திறந்திருக்கும். பிறகு மிஸ் உள்ளே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொப்பி திருத்துவா. ஒவ்வொரு படியிலும் மகளின் குரல் இறங்கிப்போகும். அது ஏறும் வரை அந்தப் படியிலேயே நிற்போம். கொப்பி திருத்தும் படியில் மட்டும் பதினொரு நாள் நின்றோம். பன்னிரண்டாம் நாள் மிஸ் வந்து பாயின் ஓரத்தில் இருந்து, கையைப் பொத்தி நீட்டினா. என்னைப் பார்த்து அல்ல, மகளைப் பார்த்தும் அல்ல, கையைப் பார்த்துக்கொண்டே, "ஒத்தையா இரட்டையா?"

நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று. மகளின் கழுத்து நரம்பு துடித்தது. நாலு.

"ஒத்தை."

மிஸ் கையை விரித்தா. ஆறு கொட்டை. "இரட்டை" என்றா, ஒன்றுமே நடக்காத மாதிரி. "இப்ப உங்கட முறை."

அதற்குப் பிறகு நான் மெல்ல மெல்லப் பின்வாங்கினேன். கதவுக்கு, வராந்தாவுக்கு, பிறகு கேற்றடிக்கு. பாயில் இன்னொரு பிள்ளை சேர்ந்தது, பிறகு இரண்டாவது பிள்ளை. தவணை முடிய முன் நாலு பேரிடம் பேசினாள். வகுப்பில் முப்பதுக்கு மேல் பிள்ளைகள், மற்றவர்களிடம் இல்லை.

இவரைப் பற்றி எழுதுவதற்கு இவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு மாறி நடந்தது. இவர் நாவலடிப் பிள்ளை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த மணல் திட்டில், 2004 டிசம்பர் 26, போயா நாள் ஞாயிற்றுக்கிழமை, இவர் தாயையும் ஒன்பது வயதுத் தங்கச்சியையும் இழந்தார். தங்கச்சியின் கை இவர் கையில் இருந்தது. அதற்கு மேல் இவர் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. தப்பிய நாவலடிச் சனத்துக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தபோது கிடைத்த வீட்டில்தான் இருக்கிறோம். இவர் கடலுக்குப் போவதில்லை. வாவியில் இறாலுக்கு வலை வீசுகிறார்.

மனநலப் பிரிவு மிஸ் ஒருநாள் அப்பாவையும் கூட்டிவரச் சொன்னா. இவர் வந்தார். எல்லாக் கேள்விக்கும் தலையால் பதில் சொன்னார். மிஸ் அவரிடமும் ஐந்து எண்ணுகிறா என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில், எழும்பிப் போகிற நேரத்தில், "டிசம்பர் மாசம் எங்கட வீட்டில ரேடியோ போடுறல்ல" என்றார். அவ்வளவுதான். மிஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "புள்ளைகளுக்கு ஏன் எண்டு தெரியுமா?" என்று கேட்டா. தெரியாது. டிசம்பரில் சத்தம் போடக் கூடாது, அப்பா இருக்கிறார் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் இதை மாற்றிக் கதைக்கிறார்கள். பிள்ளை பேசாமல் போனது சுனாமியால் என்று மிஸ் சொல்லவில்லை. பெரும்பாலும் இது ஏதாவது அதிர்ச்சியால் வருவதில்லை, பயந்த சுபாவம் குடும்பத்துக்குள் தொடர்ந்து வருவதுண்டு என்றா. இவருடைய பெரியம்மாவிடம் விசாரித்தபோது, "இவனும் சின்னனில ஊமைக்கோட்டான்தான், மூண்டாம் வகுப்பிலதான் வாய் திறந்தவன்" என்றா. அப்போதுதான் இவர் முகத்தில் ஒரு தெளிவைக் கண்டேன். தன் துக்கம் பிள்ளைக்கு ஒட்டிவிட்டது என்று இந்த மனுசன் சொல்லாமல் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். ஆனால் பயம் வந்தால் வாயை மூடுவது என்பதைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்துத்தான் பழகியிருக்கிறார்கள். அதை நாங்கள் மாற்றலாம் என்றா மிஸ். பிள்ளைகளின் அளவுக்கு, இரண்டு மூன்று வசனத்தில், பெயர் சொல்லிச் சொல்லுங்கள் என்றா.

அந்த டிசம்பரில் இவர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து, "இது உங்கட மாமி. அலையில போயிற்றா. பாலப்பம் எண்டா உயிர்" என்றார். சின்னவள் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "ஒரு பல் இல்ல" என்றாள். "ஓம். விழுந்து போன கிழமதான்" என்று சொல்லிவிட்டு இவர் அழுதார். மூத்தவன் பயந்து என்னைப் பார்த்தான். நான் எழும்பவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதோ முப்பதோ வந்திருக்கும், இவரே முகத்தைத் துடைத்துவிட்டு, பாலப்பம் சுடுவமா என்று கேட்டார்.

எங்களைப் போல இருக்கிற தாய் தகப்பனுக்கு இன்னும் சில விசயம். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் அல்லது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் கேளுங்கள், மட்டக்களப்பு, அம்பாறை எந்த மூலையிலும் அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வந்து போகிறவர்தான். அழைத்துப் பேச வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. கிளினிக் நாளில் கூட்டம் இருக்கும். பிள்ளைக்கு விருப்பமான ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், காத்திருந்து களைத்த பிள்ளையிடம் அன்று ஒன்றும் நடக்காது. பிள்ளை எந்த இடத்தில், யாரோடு, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் எழுதியபோதுதான் பெரிய கடையில் பேசாதவள், ஆள் இல்லாத நேரம் எங்கள் ஒழுங்கைப் பெட்டிக்கடையில் என்னோடு குசுகுசுக்கிறாள் என்று கண்டேன். அங்கிருந்துதான் கடைப் படியைத் தொடங்கினோம். "ஊமையா?" என்று யாரும் கேட்டால், பிள்ளைக்குக் கேட்கும்படி, "இல்ல, பழகினாப் பேசுவா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொன்று, அந்த மடித்து வைத்த துண்டு. ஐந்து கிழமை. பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு யாரும் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா சொன்னதற்காக மட்டும் அல்ல, எனக்கே வெட்கமாக இருந்தது. பேசாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் பழக்கம் இறுகுகிறது. அந்தத் துண்டை நான் அடுத்த நாளே நீட்டியிருக்க வேண்டும்.

நேர்கோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. தரம் இரண்டில் நன்றாக இருந்தாள். தரம் மூன்றில் மிஸ் மாறினா, வகுப்பறையும் மாறியது. முதல் தவணை முழுக்கத் திரும்பவும் அட்டைதான். நான் உடைந்துபோனேன். ஏறின படி மறந்துபோவதில்லை, திரும்ப ஏறும்போது கெதியாக ஏறுவாள் என்று மனநலப் பிரிவு மிஸ் ஃபோனில் சொன்னா. அப்படித்தான் நடந்தது, முதல் தடவை மாதக்கணக்கில் எடுத்தது அந்தத் தடவை மூன்று கிழமையில் முடிந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வருசம் முடிய முன்பே அடுத்த வகுப்பறைக்குப் போய், ஆள் இல்லாத நேரத்தில் பாயை விரித்து விளையாடிவிட்டு வருகிறோம்.

இப்போது தரம் நாலு. பாத்ரூமுக்குக் கேட்டுப் போகிறாள். வாசிப்புப் பாடத்தில் தன் மேசையில் இருந்து வாசிக்கிறாள். முன்னுக்கு வரச் சொன்னால் நின்றுபோகிறாள். காலைக்கூட்டத்தில் திருக்குறள் சொல்ல அவள் முறை வந்தால் சிநேகிதி ஒருத்தியுடன் சேர்ந்து சொல்கிறாள், சத்தம் முதல் வரிசைக்குக் கேட்கும். தம்பியுடன் வீடியோ கோலில் கதைக்கிறாள். கோயில் ஐயரிடம் இன்னும் இல்லை.

அடுத்த வருசம் தரம் ஐந்து, திரும்பவும் புது மிஸ். போன கிழமை, புது மிஸ்ஸிடம் முதல் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். மூத்தவன் வாயைத் திறந்தான், பிறகு தானே மூடிக்கொண்டான். சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லமாட்டன், வொய்ஸ் அனுப்புவன்" என்றாள். புது மிஸ்ஸின் நம்பர் எங்களிடம் இல்லை. திங்கட்கிழமை போய் அதிபரிடம் கேட்க வேண்டும்.